‘அளவு மிகக் குறைவு’: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

குப்பையைத் தரம் பிரிக்கும் நமது வள மீட்பு மையத்தின் வாயிலருகே ஐந்து ஆண்டுகளாக இருந்துவந்த பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டு கடந்த மார்ச் மாதம் அகற்றப்பட்டது. பழைய கைபேசி, சார்ஜர், செட்டாப் பாக்ஸ், ரிமோட், கணினி உதிரிகள், வேலை செய்யாத ரத்த அழுத்தக் கருவி என்று மக்கள் கொண்டுவந்து போட்டுவந்த கூண்டு அது. அது நின்ற இடத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பு, "சேகரமாகும் மின்னணுக் கழிவின் அளவு மிகக் குறைவாக இருப்பதாலும், வாகனச் செலவுக்குக் கட்டுப்படியாகாததாலும்" இந்த ஏற்பாடு நிறுத்தப்படுவதாகவும், இனி இப்பொருட்களை உலர் குப்பையோடு சேர்த்தே தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொல்கிறது. இரண்டு முறை நேரில் வந்து மனு கொடுத்தேன். இரண்டுக்கும் வந்த பதில் இதே வாசகத்தின் நகல்தான். ஆகவே ஊரார் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

அளவு குறைவு என்பதுதான் காரணமென்றால், அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நீலகிரி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே பிரிவின் இருட்டறை உதவியாளனாக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரில் கரைந்திருக்கும் வெள்ளியைக் கணக்கு வைத்துக் காப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

எக்ஸ்ரே பிலிமின் இரு பக்கமும் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடத்து உப்பை டெவலப்பர் கரைசல் உலோக வெள்ளியாக மாற்றிவிடும். ஒளி படாத இடத்து உப்பை ஹைப்போ என்னும் இன்னொரு கரைசல் கரைத்து எடுத்துவிடும். எனவே ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கறுப்பாகத் தெரிவதுதான் வெள்ளி. விலா எலும்பு வெளுத்துத் தெரிவது அங்கே வெள்ளி இல்லாததால். பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த நுட்பனர் இதைச் சொன்னபோது அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிலிமில் தங்காத வெள்ளியெல்லாம் ஹைப்போவில்தான் இருக்கிறது, ஒரு லிட்டருக்குச் சில கிராம் வரும், ஒரு சொட்டைக்கூடத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு, நீலக் கேன் ஒன்றையும் ஒரு பதிவேட்டையும் என்னிடம் ஒப்படைத்தார். தீர்ந்துபோன ஹைப்போ எத்தனை லிட்டர், எந்தத் தேதியில் கேனில் ஊற்றப்பட்டது, யார் கையெழுத்து என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏலம் எடுத்தவர் கோவையிலிருந்து வருவார். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த ஒரு செப்புக் கம்பியைக் கேனுக்குள் விட்டு, அது எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்று பார்ப்பார். செம்பின் மேல் வெள்ளி வந்து படிவதைக் கொண்டே சரக்கு எப்படி என்று சொல்லிவிடுவார். நோயாளிகள் திரும்ப வாங்காத பழைய பிலிம்களும் எடை போட்டு ஏலத்துக்குத்தான் போகும். அந்தப் பணம் அரசுக் கணக்கில் ஏறியது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த 31 ஆண்டுகளில் எந்த அதிகாரியும் "அளவு குறைவு, சாக்கடையில் ஊற்றிவிடு" என்று எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

இந்த மலைக்கும் வெள்ளிக்கும் உள்ள உறவை உங்களில் உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள். 1960-இல் பொதுத்துறை நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகையின் இந்து நகரில்தான் இருந்தது. தூசு குறைந்த, குளிர்ந்த காற்று வேண்டிய தொழில் என்பதால் மலையேறி வந்த ஆலை அது. வெள்ளி நைட்ரேட்டிலிருந்து பிலிம் செய்தார்கள்; நாங்கள் அந்தப் பிலிமைக் கழுவி வெள்ளியை ஹைப்போவில் பிடித்துக் கீழே அனுப்பினோம். டிஜிட்டல் வந்தது, ஆலையும் மூடப்பட்டது, என் இருட்டறையும் கோப்புகள் அடுக்கும் அறையாயிற்று. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பிலிம் போன பிறகும் தங்கமும் வெள்ளியும் நம் வீடுகளுக்குள் வேறு உருவில் வந்துகொண்டேதான் இருக்கின்றன என்பதை மன்றம் கவனிக்கவில்லையே என்பதுதான் என் குறை.

தங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கழுத்தும் காதும் அடகுக்கடையும்தான். மருத்துவமனையில் இருந்தவனுக்கு வேறு சிலவும் நினைவுக்கு வரும். கருத்தரித்ததை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பரிசோதனைப் பட்டையிலும், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த உடனடிப் பட்டையிலும் தோன்றும் அந்த இளஞ்சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்களால் ஆனது. மிக நுண்ணியதாகப் பொடித்த தங்கம் மஞ்சளாக இராது, சிவந்துவிடும். மூட்டுவாதத்துக்குத் தங்க உப்பு ஊசி போட்டுவந்த காலம் ஒன்று இருந்தது. தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளைக் களிம்பில் இருப்பது வெள்ளிச் சேர்மம். மருத்துவமனைக்கு வெளியே வந்தால், மின்விசிறி சுவிட்சின் உள்ளே ஒன்றையொன்று தொடும் சிறு பொட்டுகளிலும், கைக்கடிகாரத்தின் பொத்தான் பேட்டரியிலும் வெள்ளி உண்டு. யானை வராமலிருக்கத் தோட்ட ஓரங்களில் போடும் சூரிய வேலிக்கு மின்சாரம் தரும் பலகையில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவே, அவையும் வெள்ளிப் பசையால் இழுத்தவை. உலகில் ஆண்டுதோறும் வாங்கப்படும் வெள்ளியில் பாதிக்கு மேல் இப்போது தொழிற்சாலைகளுக்கே போகிறது.

என் தம்பி மகன் கைபேசியும் கணினியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஆடி மாதத்து ஈரத்தில் நம் ஊரில் எந்த உலோகம் பிழைக்கிறது? தகரம் துருப்பிடிக்கிறது, செம்பு பச்சை பூக்கிறது, ரிமோட்டின் பேட்டரிச் சுருளில் வெள்ளை உப்புப் பூத்துவிடுகிறது. ஓடாமல் நின்றுபோன கணினி ஒன்று அவன் கடைக்கு வந்தால், முதல் வேலையாக உள்ளே இருக்கும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் விளிம்பில் பல்வரிசைபோல் இருக்கும் மஞ்சள் கோடுகளைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவான். பாதிக் கணினிகள் அதிலேயே எழுந்துவிடும். அந்த மஞ்சள் தங்கப் பூச்சு. பதினைந்து மழைக்காலம் பார்த்த பட்டையிலும் அது மங்காமல் இருக்கிறது. நம் வெள்ளத்திலும் மூடுபனியிலும் கைபேசி பேசுவதற்கு, துருவேறாத அந்த மெல்லிய பூச்சும் ஒரு காரணம்.

ஒரு கைபேசியில் இருக்கும் தங்கம் சுமார் 30 மில்லிகிராம். அறிவிப்பை எழுதியவர் ‘குறைவு’ என்று சொன்னது ஒருவகையில் சரிதான். ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூண்டில் பொருள் பிரிக்க உதவியவன் என்பதால் என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கடைசி ஓராண்டில் அதில் குறித்த கைபேசிகள் மட்டும் 412. கணக்குப் போட்டால் பன்னிரண்டு கிராம், அதாவது ஒன்றரைப் பவுன். ஒன்றரைப் பவுன் அளவில் குறைவா என்று மன்ற உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். நம் நகரம் ஒன்றின் ஓராண்டுக் கைபேசிகளில் மட்டும் இவ்வளவு. கணினிகளையும் செட்டாப் பாக்ஸ்களையும் நான் இதில் சேர்க்கவில்லை.

தங்கம் எங்குமே குறைந்த அளவில்தான் கிடைக்கிறது. இந்த மாவட்டத்துத் தேவாலாவையும் பந்தலூரையும்விட இதற்கு வேறு சான்று வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க வல்லுநர் பிரவ் ஸ்மித் 1880-இல் இங்குள்ள தங்கத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார், லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள், மலையைக் குடைந்தார்கள், சில ஆண்டுகளுக்குள் எல்லாம் கலைந்துபோயிற்று. ஒரு டன் பாறையை உடைத்தாலும் சில கிராமுக்கு மேல் தேறாத இடத்தில் வேறு என்ன நடக்கும்? அந்தச் சுரங்கங்களின் வாய்கள் இன்றும் காட்டுக்குள் திறந்து கிடக்கின்றன. திருட்டுத்தனமாக உள்ளே இறங்கியவர்கள் உயிரை விட்ட செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். பேட்டரியை நீக்கிய ஒரு டன் கைபேசியிலோ சில நூறு கிராம் தங்கம் இருக்கிறது. அந்த மலையைக் குடைந்தவர்களுக்குக் கனவில்கூடக் கிடைக்காத தாது இது. அதை நாம் மக்கிய காய்கறியோடும் பால் கவரோடும் கலந்து சரிவில் கொட்டுகிறோம்.

குறைந்த அளவை எப்படி மதிப்பது என்று நம் தட்டாரைப் பார்த்தால் தெரியும். என் மனைவியின் சங்கிலிக்குக் கொக்கி மாற்றப் போனபோது, அரம் போட்ட பொடி விழுவதற்கென்று பட்டறை மேசைக்கடியில் தோல் விரித்திருந்தார். மாலையில் தரையைக் கூட்டி அந்தக் குப்பையையும் எடுத்து வைத்தார், கை கழுவிய தண்ணீரைக்கூடத் தனித் தொட்டியில் விட்டார். கோவையில் நகைப் பட்டறைகள் நிறைந்த தெருக்களில் விடியற்காலையில் தெருப் புழுதியையும் சாக்கடை மண்ணையும் அள்ளி அரித்துப் பொன் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் யாரும் அளவு குறைவு என்று அலுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உள்ளாட்சிகளால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்களைச் சொல்வேன். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பானிய மக்கள் கொடுத்த பழைய கருவிகளிலிருந்து 32 கிலோ தங்கமும், 3,500 கிலோ வெள்ளியும், 2,200 கிலோ வெண்கலமும் எடுத்துச் சுமார் 5,000 பதக்கங்களைச் செய்தார்கள். சேர்ந்த கருவிகளின் எடை 78,985 டன். அந்த நாட்டின் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளாட்சிகளுக்கு மேல் இதில் பங்கெடுத்தன. ஊர்தோறும் வைத்த பெட்டியில்தான் அது சேர்ந்தது. நம் கூண்டைவிடச் சிறிய பெட்டிகளும் அவற்றில் இருந்திருக்கும்.

இனி, கூண்டு போனபின் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். மே மாதம் இரண்டு முறை நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். சரிவின் மேல் விளிம்பில் குப்பை புகைந்துகொண்டிருந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இரண்டு பேர் வயர்களைச் சுருட்டிப் போட்டுக் கொளுத்தி, மேலுறை உருகியபின் செம்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருகில் செட்டாப் பாக்ஸ் ஒன்று உடைத்துக் கிடந்தது. அதன் பச்சைப் போர்டை ஒருவன் என்னிடம் காட்டி, இதற்கு இரும்புக்கடையில் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்றான். விலை கிடைக்கும் போர்டுகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். விலை போகாதவை தீயில் கிடந்தன. நின்ற ஐந்து நிமிடத்தில் எனக்குத் தொண்டை எரிந்தது. அவர்கள் காலை ஏழு மணியிலிருந்து அங்கே இருக்கிறார்கள். அந்தச் சரிவின் அடியில் ஊற்று ஒன்று இருப்பதையும், அதிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கும் வீடுகளையும், அதற்கும் கீழே கேரட் தோட்டங்களையும் நீங்கள் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள்.

பற்றவைப்பு ஈயமும், குழல்விளக்கின் பாதரசமும், சில பேட்டரிகளின் காட்மியமும் மழையோடு எங்கே போகும்? சமவெளியில் கொட்டியது கொட்டிய இடத்தைக் கெடுக்கும்; மலையில் கொட்டியது கீழே இருக்கும் அத்தனை இடத்தையும் கெடுக்கும். நம் ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும் கலந்து பவானிசாகருக்குப் போகின்றன. வயரின் மேலுறையைக் கொளுத்தும்போது டையாக்சின் போன்ற நச்சு எழுகிறது. சாக்கில் கட்டிய போர்டுகளும் நல்ல இடத்துக்குப் போவதில்லை. லாரியேறிக் கீழே போனவை யாருடைய கொல்லையிலோ திராவகத் தொட்டியில் முக்கப்படும். தங்கத்தில் ஒரு பகுதி கிடைக்கும், மீதித் தங்கமும் வெள்ளியும் திராவகத்தோடு சேர்ந்து மண்ணில் இறங்கும். முறையான ஆலையில் உருக்கினால் தங்கத்தை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிடலாம். எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறையாது. பாட்டியின் கம்மலை அழித்துப் பேத்திக்கு வளையல் செய்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலகம் முழுவதும் 2022-இல் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மற்றவற்றில் ஒரு பகுதி நம்முடைய சரிவைப் போன்ற குப்பைமேடுகளில்தான் கிடக்கிறது.

பழைய இரும்புக்கடைகள்தான் வாங்கிக்கொள்கின்றனவே, நகராட்சிக்கு ஏன் இந்த வேலை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். இரும்புக்கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தனக்குத் தெரிந்த பொருளைத் தெரிந்த விலைக்கு வாங்குகிறார். தெரியாத பொருள் அவர் கடைக்குப் போனால் என்னவாகும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று. வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல்லில் ஓர் இரும்புக்கடையில் குவிந்துகிடந்தது 2001-இல் வெளியே வந்தது. அந்த மலையின் மண்ணைச் சுத்தம் செய்யும் வழக்கும் வேலையும் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தன.

சட்டமும் உங்கள் அறிவிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022, உள்ளாட்சிகளுக்குக் கடமையை எழுதியே வைத்திருக்கின்றன: குப்பையோடு கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுத்து, சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும், தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருட்களையும் அப்படியே சேர்க்க வேண்டும். கலந்து வந்ததைப் பிரி என்று விதி சொல்லும்போது, பிரித்து வைத்திருப்பதைக் கலந்து கொடு என்று நகராட்சி அறிவிக்க முடியுமா? பிளாஸ்டிக் பைக்கு மாநிலமே தடை போடுவதற்கு முன் தடை போட்ட மாவட்டம் இது. அப்போதும் செலவையும் சிரமத்தையும் சொன்னவர்கள் இருந்தார்கள்.

வாகனச் செலவு உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. நாலு மூட்டைக்காகக் கோவையிலிருந்து வண்டி மலையேறாது. அதற்காகத்தான் சேர்த்து வைக்க ஒரு பூட்டிய அறை வேண்டும் என்கிறேன். என் இருட்டறையிலும் கேன் நிறையும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தோம், ஹைப்போ அழுகவில்லை. போர்டும் அழுகாது.

எனவே, மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே மார்ச் மாத அறிவிப்பைத் திரும்பப் பெற்று, கூண்டை அதே இடத்தில் திரும்ப வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதியவர்களும் ஏற்ற இறக்கத்தில் நடக்க முடியாதவர்களும் வள மீட்பு மையம்வரை வர இயலாது. ஆகையால் மாதம் ஒருமுறை, இரண்டாவது சனிக்கிழமையன்று, ஒவ்வொரு வார்டுக்கும் பேட்டரி வண்டியை இதற்கென்றே அனுப்புங்கள். தங்கும் விடுதிகள், மருத்துவமனைகள், பள்ளிகள், தோட்ட அலுவலகங்கள் ஆண்டுக்கு எவ்வளவு மின்னணுக் கழிவை யாரிடம் கொடுக்கின்றன என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும் அளவு அங்கேதான் இருக்கிறது. சேர்ந்ததைப் பக்கத்து உள்ளாட்சிகளோடு சேர்ந்து ஒரே வண்டியில், பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும் அனுப்பி, எடைச் சீட்டின் நகலை ஒவ்வொரு முறையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

தூய்மைப் பணியாளர்கள் யாரையும் எந்தக் கருவியையும் உடைக்கவோ பிரிக்கவோ வைக்கக் கூடாது. குப்பைக் கிடங்கில் வயர் கொளுத்துவதை இன்றே நிறுத்த வேண்டும். அங்கே இருக்கும் பையன்களை விரட்டிவிட்டால் வேறு சரிவில் போய்க் கொளுத்துவார்கள், ஆகவே அவர்கள் குடும்பத்துப் பெரியவர்களுக்குச் சேகரிப்பு வேலையில் கூலியோடு இடம் கொடுத்து, பையன்களைப் பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். கிடங்குக்குக் கீழே உள்ள ஊற்றின் நீரை ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றுக்கும் பரிசோதித்து, முடிவை அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளுக்கு எழுத்தில் தாருங்கள்.

நான் கேட்பவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதை 30 நாட்களுக்குள் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கூண்டு வந்த அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி பொருள் பிரித்துத் தர நானும் இன்னும் மூன்று பேரும் ஆயத்தமாக இருக்கிறோம். 412 கைபேசிகளின் நோட்டு என்னிடம் இருக்கிறது. அதன் அடுத்த பக்கத்தை எந்தத் தேதியிட்டுத் தொடங்கலாம் என்பதையும் அந்தப் பதிலிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருட்டறை உதவியாளர்,
குப்பைக் கிடங்குக்குக் கீழ்ச்சரிவில் உள்ள வார்டின் குடிமகன்